கோணேசர் மலைக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு

திருகோணமலைக்குப் போகும் கொழும்புத் தமிழர்களிடம் மாறாத ஒரு நிகழ்ச்சிநிரல் உண்டு. காலையில் கன்னியா வெந்நீரூற்று, பிறகு நிலாவெளி, முடிந்தால் புறாத்தீவு, பின்னேரம் கோணேசர் கோயில். கோயிலில் கும்பிட்டு, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து, கடலைப் பின்னணியாக வைத்து நாலைந்து படம் எடுத்து, இறங்கி வரும்போது கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவோம். வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் எங்கள் வீட்டுக் கூட்டமும் இதற்கு விலக்கல்ல.

இந்தக் கட்டுரை அந்த மலைக்கு ஏறுவது பற்றியது. ஆனால் கோயிலைப் பற்றியது மட்டும் அல்ல. உச்சியில் நின்று கிழக்கே பார்க்கும்போது தெரிகிறதே ஒரு நீலப் பரப்பு, அதன் அடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கிறது. உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளின் வரிசையில் வைத்துப் பேசப்படுவது அது. அதன் இரு பக்கச் சுவர்களும் சில இடங்களில் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. ஹோர்ட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ செங்குத்தைப் பார்த்து வாய்பிளக்கிறோம். அதைவிட ஆழமான ஒன்றின் விளிம்புக்கு அருகே நின்று செல்பி எடுத்துவிட்டு வருகிறோம். இலங்கையின் உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர். அந்த மலையை அப்படியே தூக்கி இந்தப் பள்ளத்தாக்கின் கடைவாயில் வைத்தால் அதன் உச்சிகூட வெளியே தெரியாது. அங்கே கடலின் ஆழம் 3,000 மீற்றரைத் தாண்டிவிடுகிறது.

முதலில், ஏன் மலை ஏற வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்தைத் தாண்டி மணலில் நிற்கும் ஒருவருடைய கண், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1.7 மீற்றர் உயரத்தில் இருக்கும். பூமி வளைந்திருப்பதால் அவருக்குத் தெரியும் அடிவானம் நாலரை கிலோமீற்றர் தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. கடல் எல்லையற்றது என்று நாம் கவிதை பேசினாலும், வெள்ளவத்தையில் நம் கண்ணுக்குக் கிடைப்பது வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு உள்ள தூரத்தைவிடக் குறைவு. அதே ஆள் கடலுக்கு மேலே 100 மீற்றர் உயரத்தில் நின்றால் அடிவானம் 35 கிலோமீற்றருக்குப் போய்விடும். கோணேசர் மலை கடலுக்கு நேர்ச் செங்குத்தாக 300 அடிக்கு மேல் நிற்கிறது. இலங்கையின் கரையோரத்தில் இப்படிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு, இவ்வளவு உயரத்தில், ஆழ்கடலுக்கு இவ்வளவு அண்மையில் இருக்கும் இடங்கள் மிகக் குறைவு. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்ததால்தான் இந்த மலை நூற்றாண்டுக் கணக்கில் ஆட்களை இழுத்திருக்கிறது. பக்தர்களையும், படைகளையும், பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்களையும்.

ஓட்டோக்காரர்கள் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்தே போகவேண்டும் என்பது என் கருத்து. கோட்டை வாயிலிலிருந்து உச்சிவரை ஒரு கிலோமீற்றர் அளவுதான். ஆனால் அந்த ஒரு கிலோமீற்றரில் பல நூற்றாண்டுகள் மடிந்து கிடக்கின்றன.

வாயிலில் நுழையும்போதே கல்லைப் பார்க்க வேண்டும். அங்கே இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது. பாண்டியரின் இலச்சினை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை இங்கே நீண்டதற்கான அடையாளம். அதே வாயிலில் சிதைந்துபோன ஒரு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. கோயிலில் இருந்திருக்கவேண்டிய கற்கள் கோட்டையில் எப்படி வந்தன என்பதுதான் இந்தப் பாதையின் முதல் பாடம். 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. போர்த்துக்கேயர் வந்தபோது இந்தக் கடல்முனையில் ஒன்றல்ல, மூன்று கோயில்கள் இருந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று. ‘ஆயிரங்கால் கோயில்’ என்று அவர்களே அதை அழைத்தார்கள். 1620களின் தொடக்கத்தில் கொன்ஸ்தந்தீனோ த சா என்ற போர்த்துக்கேயத் தளபதியின் காலத்தில் அது இடிக்கப்பட்டது. இடித்த கல்லிலேயே கோட்டை எழுந்தது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1803இல் இங்கிலாந்து அரசரின் மகன் ஒருவருடைய பெயரைச் சூட்டி ‘பிரெட்றிக் கோட்டை’ ஆக்கினார்கள். இந்தப் பெயர் மாற்றங்களுக்கு நடுவே ஊரில் யாரும் அதைப் பிரெட்றிக் என்று அழைத்து நான் கேட்டதில்லை. ‘கோட்டை’ அல்லது ‘கோட்டைக்குள்ள’ அவ்வளவுதான்.

கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. போர்க்காலத்தில் இந்த வழியாகக் கோயிலுக்குப் போவது சோதனைச்சாவடி, அடையாள அட்டை, வரிசை என்று ஒரு பெரிய வேலை. அன்றைக்குப் போய்வந்த பெரியவர்கள் அந்தக் கெடுபிடியைத்தான் முதலில் சொல்வார்கள், தரிசனத்தைப் பிறகு. இப்போது அந்தளவு இல்லை. ஆனால் ஒரு வழிபாட்டு இடத்துக்கு முகாமின் ஊடாகத்தான் நடக்கவேண்டியிருக்கிறது என்பது, நடக்கிறவருக்குத் தெரியாமல் போகாது. வலது பக்கம், இடது பக்கம் என்று பழைய ஆங்கிலேயர் காலக் கட்டடங்கள். அவற்றில் ஒன்றில் ஆர்தர் வெல்லஸ்லி 1800இல் தங்கியிருந்தார். 15 ஆண்டு கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே ஆள்.

புள்ளிமான்கள் இந்தப் பாதையின் தனி அழகு. ஆலமர நிழலில், நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில், மனிதர்களைப் பற்றிய எந்தக் கவலையுமின்றி நிற்கும். பிள்ளைகள் வாழைப்பழம் கொடுப்பார்கள். வாழைப்பழத்தோடு நின்றால் பரவாயில்லை. மான்கள் ‘ஷொப்பிங் பேக்’கையும் சேர்த்துத் தின்பதை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பையைத் திரும்பக் கையோடு கொண்டுவாருங்கள்.

ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இரு பக்கமும் கடைகள்: கச்சான், சோளம், சங்கு, சிப்பிமாலை, விளையாட்டுத் துப்பாக்கி. இந்தக் கடைகள் எங்கே இருக்கவேண்டும், கோயில் நிலத்தில் தொல்பொருள் திணைக்களத்தின் அதிகாரம் எதுவரை என்பதெல்லாம் அண்மைய ஆண்டுகளில் பெரும் சர்ச்சையாகியிருக்கின்றன. அது தனிக் கட்டுரைக்கான விடயம். இங்கே ஒன்றை மட்டும் சொல்லலாம். இந்தப் பாதையில் ஒவ்வொரு கல்லுக்கும் உரிமை கோருகிற ஆள் உண்டு, பத்திரம் உண்டு, வழக்கு உண்டு. கீழே இருக்கும் பள்ளத்தாக்குக்கு அப்படி யாரும் இல்லை.

உச்சிக்கு வந்துவிட்டோம். இப்போதிருக்கும் கோயில் புதியது. 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய விக்கிரகங்கள் வெளிவந்தன. கோயிலை இடிக்கும் முன் பக்தர்கள் புதைத்துக் காப்பாற்றியவை அவை என்பது பொதுவான நம்பிக்கை. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடையில் 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடி இந்தப் பாறையின் அடியில் மூழ்கி, கடல் தரையில் செதுக்கிய தூண்களும் கற்களும் கிடப்பதைக் கண்டார். அவரோடு சேர்ந்து சுழியோடியவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். அவர் 1957இல் வெளியிட்ட ‘தப்ரபேனின் பவளப்பாறைகள்’ பற்றிய புத்தகத்தில் இந்தத் தேடலெல்லாம் வருகிறது. கொழும்பில் பல ஆண்டு வாழ்ந்து கொழும்பிலேயே இறந்த கிளார்க்குக்கு விண்வெளி மீது இருந்த மோகம் எல்லோருக்கும் தெரியும். அவரை இலங்கையில் பிடித்து வைத்திருந்தது கடல் என்பது அவ்வளவாகத் தெரியாது.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். பாறை செங்குத்தாகக் கடலில் விழுகிறது, ஆகவே பாறையின் அடியிலேயே அடியில்லா ஆழம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. அடிவாரத்தில் இருப்பது சாதாரண சுழியோடிகள் மூச்சுக்கலத்தோடு இறங்கி வேலைசெய்யக்கூடிய ஆழம். அதனால்தான் வில்சனால் தூண்களைப் பார்க்க முடிந்தது. பள்ளத்தாக்கு அதற்கு அப்பால், கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறது. ஆனால் அந்தக் ‘கொஞ்சம்’ என்பதுதான் அதிசயம். உலகில் பெரும்பாலான கரைகளில் ஆழ்கடலைத் தொட பல பத்துக் கிலோமீற்றர் போகவேண்டும். இங்கே பள்ளத்தாக்கின் தலைப்பகுதி கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே, கரைக்குப் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறது.

உச்சியில் இருக்கும் இராவணன் வெட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தாய் வழிபடுவதற்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போக இராவணன் வாளால் வெட்டிய இடம் என்று கதை. நிலவியல்காரரைக் கேட்டால், கடினமான பழம்பாறையில் இயற்கையாக இருந்த வெடிப்பு, மழையாலும் அலையாலும் அகன்ற பிளவு என்பார். இரண்டில் எதை நம்புவது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் ஒன்று தோன்றும். இந்த இடத்தில் ஏதோ ஒரு பெரிய வெட்டு இருக்கிறது என்று நம் முன்னோர் கண்டுபிடித்துவிட்டார்கள். வெட்டின் அளவைத்தான் கடலுக்கு மேலே தெரிந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். மலையின் விளிம்பில் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்றும் உண்டு. பிரான்சினா வான் ரீட் என்ற பெண் காதலனின் கப்பல் போவதைப் பார்த்து 1687இல் இங்கிருந்து குதித்தாள் என்று அதற்கொரு கதை. ஆங்கிலேயர் அந்தக் கதையில் மயங்கி இடத்துக்கு ‘காதலர் பாய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். அவள் அதன்பிறகு வேறொருவரைத் திருமணம் செய்து வாழ்ந்தாள் என்று ஆவணங்களைப் புரட்டியவர்கள் சொல்கிறார்கள். அவளுக்கு நல்லதே நடந்திருக்கட்டும்.

சரி, பள்ளத்தாக்கு எப்படி வந்தது?

கொட்டியாரக் குடாவில் வந்து விழுவது மகாவலி கங்கை. 335 கிலோமீற்றர் ஓடி, மலைநாட்டின் மண்ணையெல்லாம் சுமந்துகொண்டு மூதூர்ப் பக்கம் கடலைத் தொடுகிறது. ஆற்றின் வாய்க்கு நேரே பள்ளத்தாக்கு இருப்பதால், ஆறுதான் அதை அறுத்திருக்கும் என்று முதலில் தோன்றும். பாதி சரி. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் கடல்மட்டம் இப்போதைவிட 120 மீற்றர் அளவுக்குக் கீழே இருந்தது. அன்றைக்கு மகாவலி இன்னும் கொஞ்சத் தூரம் ஓடித்தான் கடலைக் கண்டிருக்கும். இன்றைக்கு நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் தலைப்பகுதியை அது அறுத்திருக்கலாம். ஆனால் 120 மீற்றர் எங்கே, 3,000 மீற்றர் எங்கே? ஆறு ஒருபோதும் அந்த ஆழத்தில் ஓடியதில்லை.

மிச்சத்தைச் செய்தது கடலுக்குள்ளேயே ஓடும் இன்னொரு வகை ஆறு. வெள்ளக் காலத்தில் ஆறு கொண்டுவந்து குவிக்கும் மணலும் சேறும் சரிவின் விளிம்பில் தேங்கி நிற்கும். ஒரு கட்டத்தில், ஒரு புயலாலோ நில அதிர்வாலோ தன் பாரத்தாலோ அது சரியும். சரிந்த சேறு நீரோடு கலந்து, சுற்றியிருக்கும் கடல்நீரைவிடக் கனமான கூழாகி, தரையை அராவிக்கொண்டு கீழே பாயும். இட்லிமா கரைத்த சட்டியைச் சரித்துக் கழுவும்போது அடியில் மா தனியாக ஒரு ஓட்டமாக வழிவதைப் பார்த்திருப்பீர்கள், அது போல. இப்படி ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை நடந்தால் பாறையும் தேயும். உலகில் ஆற்றுவாய்க்கு எதிரே இருக்கும் கடலடிப் பள்ளத்தாக்குகளில் பல இப்படி உருவானவையே. கொங்கோ ஆற்றின் முன்னாலும் அப்படி ஒன்று இருக்கிறது.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. இலங்கையும் இந்தியாவும் அந்தார்ட்டிக்காவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன. நம் கிழக்குக் கரைப் பக்கம் ஒட்டியிருந்தது இன்றைய கிழக்கு அந்தார்ட்டிக்கா. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பிரிந்தன. கிழிந்த துணியின் ஓரம் நேராக இருக்காது. அப்படித்தான் பிரிந்த கரையின் பாறையும் உடைந்தும் வெடித்தும் நின்றது. ஆறும் சேறும் அந்தப் பலவீனமான கோடுகளைப் பிடித்துக்கொண்டு வேலைசெய்வது எளிது. திருகோணமலையின் உள்துறைமுகம், அதன் வளைந்து நெளிந்த கரைகள், தீவுகள், குன்றுகள் எல்லாமே இந்த உடைந்த ஓரத்தின் பிள்ளைகள்.

இவ்வளவு ஆழம் கரைக்குப் பக்கத்திலேயே வந்ததால்தான் பெரிய கப்பல்கள் எந்தப் பருவத்திலும் இங்கே நுழைய முடிந்தது. பாய்மரக் காலத்தில் வாடைக் காற்று அடிக்கும்போது கிழக்குக் கரையில் ஒதுங்கக்கூடிய இடம் வேறு இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், இடையில் 1782இல் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என்று எல்லோரும் ஒரே மலையில் ஏறிக் கொடி நட்டது இதனால்தான். சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் கட்டப்பட்டதும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு போட்டதும் இதனால்தான். இலங்கையின் அரசியல் வரலாற்றில் இந்தப் பள்ளத்தாக்குக்கு உள்ள பங்கை எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை.

உப்புவெளிப் பக்கத்தில் படகு ஓட்டும் வயதான ஒருவரிடம் ஆழத்தைப் பற்றிக் கேட்டேன். மீற்றர் கணக்கு அவருக்குத் தேவைப்படவில்லை. “தம்பி, உதுக்கு அங்கால நங்கூரம் போடேலாது. கயிறு காணாது. அது கசம்” என்றார். பிறகு, “அங்கதான் பெரிய மீன் மேல வாறது” என்றும் சேர்த்துக்கொண்டார். பெரிய மீன் என்று அவர் சொன்னது திமிங்கிலத்தை. அது மீன் இல்லை என்று நான் சொல்லப் போகவில்லை.

கசம் இருக்கும் இடத்தில் பெரிய மீன் வருவது தற்செயல் இல்லை. ஸ்பேர்ம் திமிங்கிலம் ஆயிரம் மீற்றருக்கும் கீழே மூழ்கி, இருட்டில் கணவாய் பிடித்துத் தின்னும் பிராணி. அதற்கு ஆழம் சாப்பாட்டு மேசை. நீலத் திமிங்கிலத்தின் கணக்கு வேறு. உலகிலேயே மிகப் பெரிய அந்த உயிர், கூட்டமாக மிதக்கும் சிறு உயிர்களை வாய்நிறைய அள்ளித் தின்கிறது. பள்ளத்தாக்கின் சரிவுகளில் நீரோட்டம் மோதும்போது அடியிலிருக்கும் சத்து நிறைந்த குளிர்நீர் மேலே ஏறக்கூடும். ஆறு இன்னொரு பக்கத்தால் சத்துக்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இப்படிச் சத்துச் சேரும் இடத்தில் சிற்றுயிர்கள் பெருகும். சிற்றுயிர் பெருகிய இடத்துக்குத் திமிங்கிலம் வரும். நம் கடல் விஞ்ஞானி ஆஷா டி வொஸ் இலங்கையின் நீலத் திமிங்கிலங்களைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்கிறார். மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் உணவுக்காகத் துருவப் பக்கத்துக் குளிர்நீருக்கும், குட்டி போடுவதற்காக வெப்பநீருக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் போகும்போது, இங்கே உள்ளவை ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே சாப்பாட்டையும் தேடிக்கொள்கின்றன என்பதை உலகுக்குச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். தென்கரையில் அவை தின்பது ஒரு வகைச் சிற்றிறால் என்பதையும் அவருடைய ஆய்வு காட்டியது.

திருகோணமலையின் திமிங்கிலங்கள் அறிவியலுக்கு அறிமுகமான ஆண்டைப் பார்த்தால் மனம் கொஞ்சம் நின்றுவிடுகிறது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ‘டியூலிப்’ என்ற சிறிய பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட் முதலிய ஆய்வாளர்கள் இந்தக் கடல்களுக்கு வந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே, கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில், நீலத் திமிங்கிலங்கள் நடமாடுவதை அவர்கள் பதிவுசெய்தது 1983இல். அந்த ஆண்டு ஜூலையில் கொழும்பில் என்ன நடந்தது என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அதன்பிறகு திருகோணமலைக் கடல் கடற்படையின் கடலானது. மீனவர் எப்போது போகலாம், எந்த எஞ்சின் வைக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கெல்லாம் தடை இருந்த கடலில் யார் திமிங்கிலம் எண்ணப் போவது? மனித உயிர்களின் கணக்கே ஒழுங்காக எழுதப்படாத காலம் அது. 2009க்குப் பிறகுதான் படகுகள் மறுபடி விருந்தினரை ஏற்றிக்கொண்டு ‘வேல் வோச்சிங்’ என்று புறப்பட்டன. தென்கரையில் மிரிஸ்ஸ அதற்குள் பெயர் எடுத்துவிட்டது. கிழக்கு இன்னும் பின்னால்தான் நிற்கிறது.

பின்னால் நிற்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மிரிஸ்ஸவில் ஒரு திமிங்கிலத்தைச் சுற்றிப் பத்துப் படகு வளைப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 100 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. விதியைக் கடலில் யார் அளக்கிறார்கள்? அதைவிடப் பெரிய ஆபத்து, தெற்கே தேவேந்திரமுனைக்கு அப்பால் போகும் சர்வதேசக் கப்பல் பாதை. உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பல் பாதைகளில் ஒன்று திமிங்கிலங்கள் உணவு தேடும் இடத்தின் மேலாலேயே போகிறது. கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன, கப்பலின் முகப்பில் மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கே வந்ததும் உண்டு. எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானாக இன்னும் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. பாதையையே அதிகாரபூர்வமாக மாற்றுங்கள் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திருகோணமலையில் அந்த நிலைமை இன்னும் வரவில்லை. வரலாம். சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களை மீண்டும் பாவனைக்குக் கொண்டுவர 2022 ஜனவரியில் இந்தியாவோடு உடன்படிக்கை ஆனது. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வேலை கிடைக்கும், வருமானம் வரும். கிழக்குக்கு அது வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் எண்ணெய்க் கப்பல் வருவதென்றால் பள்ளத்தாக்கின் மேலால்தான் வரவேண்டும், வேறு வாசல் இல்லை. தெற்கில் கப்பல் பாதையைப் போட்டுவிட்டு, அதைத் தள்ளிவைக்கப் பல ஆண்டாகப் போராடுகிறோம். கிழக்கில் கப்பல் வருவதற்கு முன்பே வேகத்தையும் வழியையும் தீர்மானிக்கலாம். திமிங்கிலம் எந்த மாதத்தில் எங்கே நிற்கிறது என்று ஆண்டு முழுவதும் கணக்கெடுப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு தொலைநோக்கி, ஒரு கொப்பி, ஒழுங்காக ஏறிவரும் இரண்டு பேர், கோணேசர் மலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்தர்கள் நாள்தோறும் ஏறத்தான் போகிறார்கள்.

தொலைநோக்கியில்லாமலும் பார்க்கலாம். பார்க்கும் முறைதான் முக்கியம். திமிங்கிலத்தைத் தேடாதீர்கள், அதன் மூச்சைத் தேடுங்கள். நீலத் திமிங்கிலம் மூச்சுவிடும்போது 9 மீற்றர் உயரத்துக்குக்கூட நீராவித் தூண் எழும்பும். தூரத்திலிருந்து பார்க்க, கடலில் யாரோ ஒரு பிடி விபூதியை ஊதிவிட்டது போல இருக்கும். சில விநாடியில் கலைந்துவிடும். அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மறுபடி எழும்பும், நாலைந்து தடவை. பிறகு மூழ்கிப் பத்து நிமிடம் அளவில் காணாமல் போகும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மூச்சு முன்பக்கமாக இடது புறம் சாய்ந்து வரும். அது மூழ்கினால் முக்கால் மணி நேரம்கூட வராது, அதற்காக நிற்பதென்றால் கச்சான் இரண்டு சரையாவது வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிவரை வாடையும் மழையும் கடலைக் குழப்பிவிடும், வெள்ளை நுரைக்குள் மூச்சைப் பிரித்தறிய முடியாது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லவை. கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். ஆகஸ்ட், செப்டெம்பரிலும் கண்டவர்கள் உண்டு. நடுவில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெக்கையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் கடல் அமைதி, ஆனால் சூரியன் நேரே முகத்தில். பின்னேரம் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், ஆனால் காற்று எழும்பிவிடும். எனக்குப் பிடித்தது காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடைப்பட்ட நேரம். காலைப் பூசைக் கூட்டம் குறைந்திருக்கும். வெயில் கொஞ்சம் ஏறியிருக்கும். காற்று இன்னும் வந்திருக்காது.

கொழும்பிலிருந்து இரவுப் பஸ்ஸில் போனால் விடியற்காலையில் இறங்கலாம். நகரில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கோட்டைக்கு நடக்கலாம். செருப்பைக் கோயில் வாசலில் விடவேண்டும், ஏறும் வெயிலில் கல் சுடும், ஆகவே இராவணன் வெட்டுப் பக்கம் முதலில் போய்விட்டுப் பிறகு உள்ளே கும்பிடுவது காலுக்கு நல்லது. விளிம்பில் கட்டியிருக்கும் கம்பி வேலிக்கு அப்பால் கால் வைக்காதீர்கள். குரங்குகளுக்கு எதிரே சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காதீர்கள். தெற்கே குடாவின் மறுகரையில் தெரிவது மூதூர்ப் பக்கம். அதற்கும் நீங்கள் நிற்கும் பாறைக்கும் நடுவே நீலம் திடீரென்று கருநீலமாக மாறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முகிலின் நிழலாகவும் இருக்கலாம், ஆகவே சற்றுப் பொறுத்து, அது நகர்கிறதா என்று பாருங்கள்.